மோட்டார் சைக்கிளின் மின் இணைப்புகள்

மோட்டார் சைக்கிள் என்றதும், "இது அண்ணன்மார் பேசுகிற பேச்சு, நமக்கு எதற்கு?" என்று ஏட்டைப் புரட்டிவிட வேண்டாம், மாணவியரே! நம்மில் பலரைக் காலையில் பள்ளி வாசலில் இறக்கிவிடுவது தந்தையின் மோட்டார் சைக்கிளோ தாயாரின் ஸ்கூட்டரோதான். மடத்துச் சகோதரிகள் பங்கு வேலைகளுக்கும் நோயாளிகளைச் சந்திப்பதற்கும் இரு சக்கர வண்டியில் செல்வதைக் காண்கிறோம். இருட்டிய பிறகு வீடு திரும்பும் அந்த வண்டியின் விளக்கு எரிய வேண்டும், ஹாரன் ஒலிக்க வேண்டும், பிரேக் பிடித்தால் பின்னால் வருபவருக்குச் சிவப்பு விளக்கு தெரிய வேண்டும். இவையெல்லாம் சுண்டு விரல் நுனியளவே உள்ள சில உலோகத் துண்டுகளை நம்பியிருக்கின்றன. அவற்றை மின் இணைப்பான்கள் என்பர். பட்டறையில் கனெக்டர், கப்ளர் என்பார்கள். வண்டியைத் தம் விருப்பம்போல் மாற்றி அமைப்பவர்கள் பெரும்பாலும் தவறு செய்யும் இடமும் இதுவே. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் படிக்கும் ஓம் விதி ஒன்றே இதைப் புரிந்துகொள்ளப் போதும்.

மாற்றி அமைக்கும் ஆசை

வண்டியைத் தொழிற்சாலை தந்தபடியே வைத்திராமல் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளும் ஆசை பழமையானது. இங்கிலாந்தில் 1960-ஆம் ஆண்டுகளில் இளைஞர்கள் தங்கள் வண்டிகளின் ஹாண்டில்பாரைத் தாழ்த்தி, இருக்கையைக் குறுக்கி, வேண்டாத பாகங்களைக் கழற்றி எறிந்து வேகமாக ஓட்டினார்கள். லண்டன் நகரின் வட்டச் சாலையில் 1938-இல் திறக்கப்பட்ட ஏஸ் கபே என்னும் சிற்றுண்டிச் சாலை இவர்கள் கூடும் இடமாகப் பேர் பெற்றது.

நம் நாட்டில் இவ்வாசைக்கு அதிகம் ஆட்பட்ட வண்டி புல்லட். இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனம் 1932-இல் இப்பெயரை முதன்முதலில் தன் வண்டிக்கு வைத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் அதனுடன் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற தொழிற்சாலையைச் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் அமைத்தது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்த பின்பும் புல்லட் நம் மண்ணில் தொடர்ந்து பிறந்துகொண்டே இருந்தது. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்கோ புதுப்பேட்டைக்கோ சென்றால், இதற்கு வேண்டிய கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன், புது இருக்கை, பழைய உதிரி பாகம் என எதையும் வாங்கலாம்.

இருக்கையை மாற்றினால் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது; சரியில்லை என்றால் உட்கார்ந்தவுடனே தெரிந்துவிடுகிறது. மின்சாரத்தில் செய்யும் மாற்றம் அப்படியன்று. தவறாகச் சேர்த்த கம்பியிலும் விளக்கு அன்றைக்கு நன்றாகவே எரியும். பிழை வெளிப்படுவது மழை நாளிலோ நெடுஞ்சாலை இருட்டிலோதான்.

மின்சாரம் ஓடும் வழி

இன்ஜின் சுழலும்போது அதனுடன் சேர்ந்து ஆல்டர்னேட்டர் சுழன்று மின்சாரம் தருகிறது. அது மாறுதிசை மின்னோட்டம். ரெக்டிபயர் என்னும் கருவி அதை நேர்திசை மின்னோட்டமாக்கி, அளவுக்கு மிஞ்சாமல் கட்டுப்படுத்திப் பாட்டரிக்கு அனுப்புகிறது. பழைய வண்டிகளில் 6 வோல்ட் பாட்டரி இருந்தது. பிற்காலத்து வண்டிகளில் 12 வோல்ட். பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாகவும் சாவி ஸ்விட்ச் வழியாகவும் விளக்கு, ஹாரன், இக்னிஷன் காயில் ஆகியவற்றுக்கு மின்சாரம் செல்கிறது. திரும்பி வரும் வழிக்குத் தனிக் கம்பி எல்லா இடத்திலும் கிடையாது. வண்டியின் இரும்புச் சட்டமே திரும்பு வழியாகிறது. இதை மெக்கானிக்குகள் பாடி எர்த் என்பார்கள்.

பல நிறக் கம்பிகள் ஒன்றாகச் சேர்ந்து, உறைக்குள் ஒரு கற்றையாக வண்டியின் நீளத்திற்கும் ஓடுகின்றன. இக்கற்றை பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் டேங்கிற்கு அடியிலேயே செல்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வோல்ட்தானே, தொட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்வது உண்டு. அதிர்ச்சி தாக்காது என்பது உண்மையே. ஆனால் பாட்டரியின் இரு முனைகளும் நேராகச் சேர்ந்துவிட்டால் மின்னோட்டம் நூறு ஆம்பியரையும் எட்டலாம். மெல்லிய கம்பி சில நொடிகளில் பழுத்துச் சிவந்துவிடும். மேலே இருப்பதோ பெட்ரோல்!

தளர்ந்த இணைப்பும் ஓம் விதியும்

60 வாட் முன்விளக்கு ஒன்றை 12 வோல்ட்டில் எரிய விடுகிறோம். மின்னோட்டம் 60 ÷ 12 = 5 ஆம்பியர். எரியும்போது அவ்விளக்கின் மின்தடை 12 ÷ 5 = 2.4 ஓம்.

இப்போது வழியில் உள்ள ஓர் இணைப்பு தளர்ந்து, பச்சைக் களிம்பு ஏறி, அங்கே அரை ஓம் மின்தடை உண்டாகிவிட்டது எனக் கொள்வோம். மொத்த மின்தடை 2.9 ஓம். மின்னோட்டம் 12 ÷ 2.9, அதாவது ஏறத்தாழ 4.1 ஆம்பியராகக் குறைகிறது. விளக்கிற்குக் கிடைப்பது சுமார் 9.9 வோல்ட், மீதி 2.1 வோல்ட் இணைப்பிலேயே செலவாகிறது. இழை சற்றுக் குளிர்ந்தால் அதன் மின்தடையும் சிறிது மாறும் என்பதால் இக்கணக்குத் தோராயமானதே. ஆயினும் நமக்கு இது போதும்.

இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன.

முதலாவது, வெளிச்சம். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும் தன்மையுடையது. ஆறில் ஒரு பங்கு மின்னழுத்தம் குறைந்தால் ஒளி ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. "விளக்கு மங்கல், பெரிய பல்பு போட வேண்டும்" என்று கடைக்குப் போகிறவர் பலருடைய வண்டியில் பல்பின் மேல் குற்றமே இல்லை.

இரண்டாவது, வெப்பம். இணைப்பில் 2.1 வோல்ட்டும் 4.1 ஆம்பியரும் சேர்ந்து சுமார் 8.6 வாட் வெப்பத்தை உண்டாக்குகின்றன. வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சிறிய சூட்டுக்கோல் 25 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம், ஒரு பட்டாணி அளவு இடத்தில், வெளிக்காற்றுப் படாமல் அடைபட்டுக் கிடந்தால் என்னாகும்? பிளாஸ்டிக் உறை பழுப்பேறும், இளகும், கருகும். சூட்டினால் தகடு மேலும் தளர, மின்தடை மேலும் ஏற, சூடும் மேலும் ஏறுகிறது.

மூன்றாவது செய்தியே முக்கியமானது. பியூஸ் எதற்காக இருக்கிறது? அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால் தான் உருகிக் கம்பியைக் காப்பதற்காக. தளர்ந்த இணைப்பிலோ மின்னோட்டம் கூடவில்லை. 5 ஆம்பியரிலிருந்து 4.1 ஆம்பியராகக் குறைந்திருக்கிறது. எனவே பியூஸ் உருகாது. இணைப்பு கருகிக்கொண்டிருக்கும்போது பியூஸ் வாளாவிருக்கும். ஆகவே, "பியூஸ் போட்டிருக்கிறேன், பயமில்லை" என்ற பேச்சு பாதி உண்மையே. கம்பி எர்த்தில் உரசினால் பியூஸ் காக்கும். தளர்ந்த இணைப்பிலிருந்து காப்பது அந்த இணைப்பைச் செய்த கை மட்டுமே.

இணைப்பான்களின் வகைகள்

புல்லட் கனெக்டர்: கம்பி முனையில் துப்பாக்கிக் குண்டைப் போன்ற உருண்டை முனை, அது ஒரு சிறு குழலுக்குள் அழுந்தி உட்காருகிறது. வண்டியின் பெயரும் புல்லட், இணைப்பானின் பெயரும் புல்லட்! இண்டிகேட்டர் விளக்குகளில் இதை அதிகம் காணலாம். குழல் விரிந்துவிட்டால் பிடிப்புப் போய்விடும்.

தட்டை முனை: சிறு பட்டைத் தகடும் அதைக் கவ்வும் மடிப்பும் கொண்டது. 6.3 மி.மீ. அகலமுள்ளது மிகவும் வழக்கத்தில் உள்ளது. ஹாரன், ரிலே, பியூஸ் பெட்டி ஆகியவற்றில் இருக்கும்.

வளைய முனை: பாட்டரியிலும் சட்டத்தின் எர்த் இடத்திலும் போல்ட்டால் இறுக்கப்படுவது. கடையில் திம்பிள் என்று கேட்டால் கிடைக்கும்.

கப்ளர்: பல கம்பிகளை ஒரே பிளாஸ்டிக் கூட்டில் சேர்ப்பது. தவறான பக்கம் செருக முடியாத வடிவில் இருக்கும். சிறு கொக்கி ஒன்று பூட்டிக்கொள்ளும். அக்கொக்கியை அழுத்திக் கூட்டைப் பிடித்து இழுக்க வேண்டுமே தவிர, கம்பியைப் பிடித்து இழுக்கலாகாது. இழுத்தால் கூடு அப்படியே இருக்க, உள்ளே முனை மட்டும் பின்வாங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியதுபோலவே தோன்றும். மழை படும் இடங்களுக்கென்று ரப்பர் வளையம் வைத்த நீர் புகாக் கப்ளர்களும் உள்ளன.

முறுக்குவதா, ஈயம் வைப்பதா, நெரிப்பதா?

இரு கம்பிகளின் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிடுவது எளிய வழி. மிகவும் தவறான வழியும் அதுவே. இன்ஜின் அருகிலுள்ள சூட்டில் டேப்பின் பசை இளகி வழிந்து, சுற்று அவிழ்கிறது. முறுக்கிய இழைகள் அதிர்வில் தளர்கின்றன. மழை நீர் உட்புகுந்து செம்பைக் களிம்பாக்குகிறது.

ஈயம் வைத்துப் பற்றவைத்தால் மின்சாரம் நன்றாகவே கடக்கும். ஆனால் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறிக் கம்பியைக் குச்சிபோல் விறைப்பாக்கிவிடுகிறது. விறைத்த பகுதியும் வளையும் பகுதியும் சேரும் எல்லையில் அதிர்வு தாக்கித் தாக்கி இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. அசையாத வானொலிப் பெட்டிக்குப் பொருந்துவது, நாளெல்லாம் அதிரும் மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தவில்லை. ஈயம் வைத்தே ஆக வேண்டுமானால் அவ்விடம் அசையாதபடி கட்டப்பட வேண்டும்.

தொழிற்சாலைகள் கையாளுவது நெரித்துப் பிடிக்கும் முறை. இதற்குக் கிரிம்பிங் என்று பெயர். அதற்குரிய இடுக்கியால் முனையின் சிறகுகளைச் செம்பு இழைகளின் மேல் அழுத்தி மடக்குகிறார்கள். சரியான அழுத்தத்தில் இழைகளுக்கிடையே காற்றும் புகாதபடி உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. முனையில் இரண்டு ஜோடிச் சிறகுகள் உண்டு. ஒரு ஜோடி செம்பைப் பிடிக்கும். மற்றது கம்பியின் தோலைப் பிடிக்கும். தோலைப் பிடிக்கும் ஜோடிதான் அதிர்வைத் தாங்குகிறது. சாதாரண கட்டிங் பிளேயரால் நசுக்கினால் இந்தப் பிடிப்புக் கிடைக்காது. நெரித்த பின் கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் அது இணைப்பே அன்று. பிறகு அதன்மேல் சூட்டில் சுருங்கும் குழாயைப் போர்த்தலாம்.

கம்பியிலும் கவனம் வேண்டும். வீட்டுச் சுவரில் பதிக்கும் ஒற்றைச் செம்புக் கம்பி அதிர்வில் முறிந்துவிடும். வண்டிக்குப் பல மெல்லிய இழைகள் கொண்ட கம்பியே உரியது.

கூடுதல் விளக்கு பொருத்தும் முறை

மலைப்பாதையில் மூடுபனிக்காக 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டைப் பொருத்த விரும்புகிறார் ஒருவர் என வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 வாட்; 40 ÷ 12, சுமார் 3.3 ஆம்பியர். முதலில் வண்டியின் ஆல்டர்னேட்டர் இந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா என்று கையேட்டில் பார்க்க வேண்டும். தாங்காவிட்டால் ஓடும்போதே பாட்டரி மெல்ல மெல்ல வற்றிப்போகும்.

வேலை தொடங்குமுன் மோதிரம், வளையல், உலோகக் கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் எதிர்முனையை, அதாவது மைனஸ் முனையை, முதலில் கழற்ற வேண்டும். ஏன்? பிளஸ் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் பட்டால் பாட்டரி நேராகக் குறுக்குச் சுற்றாகிவிடும். மைனஸ் முனை கழன்றிருந்தால் எங்கே பட்டாலும் ஒன்றுமில்லை. திரும்பப் பூட்டும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்: முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ்.

முன்விளக்குக் கம்பியை வெட்டி அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாகாது. அக்கம்பியும் அதன் ஸ்விட்சும் ஒரு விளக்கிற்கென்றே அளவிடப்பட்டவை. பாட்டரியிலிருந்து தனிக் கம்பி எடுத்து, பாட்டரிக்கு அருகிலேயே 5 ஆம்பியர் பியூஸ் வைத்து, ரிலே ஒன்றின் வழியே விளக்கிற்குக் கொண்டுசெல்ல வேண்டும். ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச். அதன் கால்களில் 30, 87, 85, 86 என்று எண்கள் பொறித்திருக்கும். 30-க்குப் பாட்டரி, 87-க்கு விளக்கு. 85, 86 இரண்டும் மின்காந்தச் சுருளின் முனைகள். கைப்பிடியிலுள்ள சிறு ஸ்விட்ச் சுருளுக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தை மட்டுமே தாங்கினால் போதும். பெரிய மின்னோட்டத்தை ரிலே சுமக்கும்.

கம்பி சைலன்சர் பக்கம் போகாமலும், ஹாண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்பும்போது இழுபடாமலும் இருக்க வேண்டும். கப்ளருக்கு முன் கம்பியைச் சிறிது தாழ வளைத்து விட்டால், மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், இணைப்புக்குள் போகாது. எர்த் வளையத்தைப் பூட்டும் இடத்தில் வர்ணத்தைச் சுரண்டிப் பளிச்சென்ற இரும்பில் பூட்ட வேண்டும். சட்டத்திற்குப் புது வர்ணம் அடித்த வண்டிகளில் விளக்குகள் மங்குவதற்கும் ஹாரன் கம்முவதற்கும் பெரும்பாலும் இந்த வர்ணப் படலமே காரணம்.

எல்லாம் முடிந்தபின் விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளை இணைப்பின் இரு பக்கமும் வைத்துப் பார்த்தால் பூச்சியத்தை ஒட்டிய அளவே காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த இணைப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். பியூஸ் அடிக்கடி போனால் காரணத்தைத் தேட வேண்டும். பெரிய பியூஸ் போடுவதும், செம்பு இழையைச் சுற்றிவிடுவதும் காவல்காரனைக் கட்டிப்போடுவதற்குச் சமம்.

2020 ஏப்ரல் முதல் புதிய மாசுக் கட்டுப்பாட்டின்படி வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் எரிபொருளை ஒரு சிறு கணிப்பொறியே அளந்து செலுத்துகிறது. அதன் கம்பிகளிலும், பிரேக் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் கம்பிகளிலும் எவரும் கை வைக்கலாகாது.

சட்டமும் பிறர் நலமும்

நம் வண்டி நம் விருப்பம் என்று எல்லை கடக்க முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சட்டத்திற்கு அப்பாலும் ஒரு கடமை உண்டு. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை விளக்கு நமக்கு வழி காட்டி, எதிரே வருபவருக்கு வழியை மறைக்கிறது. பிறர் கண்ணைக் கெடுத்து நாம் காணும் வெளிச்சம் வெளிச்சமாகாது.

ஒரு பெண் பொறியாளர்

இது பெண்களுக்கான வேலையா என்று எவரேனும் கேட்டால், பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெயரைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 1909-இல் பிறந்த இவர், 14 வயதில் தமக்கென மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைப் பிரித்தும் பூட்டியும் பழகினார். மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் மின் பொறியாளரிடம் தொழில் பயின்றார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் கற்று 1932-இல் பட்டம் பெற்றார். தாமே சீர் செய்த நார்ட்டன் வண்டியில் 1934-இல் புரூக்லாண்ட்ஸ் ஓடுகளத்தை மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றி, அதற்குரிய தங்க நட்சத்திரத்தைப் பெற்றார்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் சடுதியில் தலைகுப்புறப் பாயும்போது, எரிபொருள் ஒழுங்காகச் செல்லாமல் இன்ஜின் நின்று தடுமாறியது. விமானிகளின் உயிருக்கே ஆபத்து. 1941-இல் ஷில்லிங் இதற்குக் கண்ட தீர்வு, எரிபொருள் குழாயில் பொருத்தும் துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டு. பெரிய இன்ஜினை மாற்றவில்லை. எந்தச் சிறு இடத்தில் குறை என்று கண்டு அந்த இடத்தைச் சரி செய்தார்.

மோட்டார் சைக்கிளின் மின் இணைப்பு நமக்குச் சொல்லுவதும் அதுவே. பளபளக்கும் டேங்கையும் புதிய விளக்கையும் எல்லாரும் பார்ப்பார்கள். உறைக்குள் ஒளிந்திருக்கும் இணைப்பை ஒருவரும் பார்ப்பதில்லை. யாரும் பார்க்காத அந்த இடத்தில் வேலை நேர்மையாக இருந்தால்தான் வண்டி பத்திரமாக வீடு சேரும். 1955-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். தச்சுப் பட்டறையில் ஓசையின்றி உழைத்த அப்புனிதரின் பாதுகாவலில் ஒவ்வொரு தொழிலும் இருக்கிறது. கம்பியை நெரித்து இழுத்துப் பார்க்கும் இந்தச் சிறு தொழிலும்தான்.

இவ்வாரம் வீட்டில் வண்டி நிற்கும்போது, தந்தையையோ அண்ணனையோ உடன் வைத்துக்கொண்டு, சாவியை எடுத்துவிட்டு, இருக்கையின் அடியில் டேப் சுற்றிய கம்பி ஏதும் உள்ளதா, பழுப்பேறிய கப்ளர் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால், "அப்பா, இதை மாற்றிவிட வேண்டும்" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், 2.4 ஓமையும் அரை ஓமையும் ஒரு தாளில் எழுதிக் கணக்கிட்டுக் காட்டுங்கள்.